650 ரூபாய்ச் செடி

எங்கள் ஊர்க்காரர்களை ஒரு சிரிப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் சரி, முன்பல்லில் பழுப்புக் கோடும் வெள்ளைத் திட்டுமாக ஒருவர் சிரித்தால், "அண்ணே, தர்மபுரிங்களா?" என்று தைரியமாகக் கேட்கலாம். "ஆமாங்க. நீங்க பென்னாகரம் பக்கமா?" என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். எல்லாம் நிலத்தடித் தண்ணீரில் இருக்கிற புளோரைடு செய்கிற வேலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளாவது பளிச்சென்று சிரிக்கட்டும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் உதட்டை மூடிக்கொண்டே புன்னகை செய்வேன். 'பையன் ரொம்ப அடக்கம்' என்று நாலைந்து ஊரில் பெயர் வாங்கியிருக்கிறேன்.

பல்லுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. பல்லில் வெள்ளைத் திட்டு விழுந்தால் வியாதி. இலையில் விழுந்தால் அதற்குப் பெயர் 'வேரிகேட்டட்'. விலை 650 ரூபாய்!

2016 ஆகஸ்ட். பெங்களூர் லால்பாக்கில் சுதந்திர தின மலர்க் கண்காட்சி. என் ரூம்மேட்டுக்கு அங்கே ஒரு பெண்ணைச் 'சும்மா' சந்திக்க வேண்டியிருந்தது. துணைக்கு நான். அந்தப் பெண்ணும் துணைக்குத் தன் அண்ணனை அழைத்து வந்துவிட்டதால், ரூம்மேட் அரை மணி நேரம் கண்ணாடி மாளிகையின் கட்டுமானச் சிறப்பைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தான். அந்த அரை மணியில் நான் செடிக் கடைப் பக்கம் ஒதுங்கினேன்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். ஒரு ஜாண் உயரம். அடித்தண்டு குட்டி யானையின் கால் மாதிரி உப்பி இருந்தது. மேலே நாலு கிளை. ஒவ்வொரு இலையும் பாதி பச்சை, பாதி பால் வெள்ளை, கோலப்பொடி டப்பா தவறிக் கொட்டின மாதிரி. உச்சியில் இரண்டு ரோஸ் நிறப் பூக்கள்.

"அடீனியம் சார். பாலைவன ரோஜா. இது வேரிகேட்டட், ஒட்டுக்கட்டினது. சும்மா கண்ணில பட்டாப் போதும், வளரும்" என்றார் கடைக்காரர்.

"எவ்வளவு?"

"எண்ணூறு. உங்களுக்கு அறுநூத்தி ஐம்பது."

எனக்கு என்று எதைச் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். அது என் ஜாதகம்.

அப்போது என் சம்பளம் 14,000. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். பார்ப்பது தர்மபுரியில் ஒரு தனியார் ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலை. இதில் பைக் தவணை 2,600. ரூம் வாடகையில் பாதி, மெஸ், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் போக மாதம் 20-ம் தேதிக்கு மேல் நான் ஒரு துறவி. இவை போக இன்னொரு தவணையும் இருந்தது. அதைப் பற்றி அப்போது யாரிடமும் பேச மாட்டேன். என்னிடமேகூட.

*

செடியை ஹோசூர் வழி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் ஸீட் பாட்டி, "கொழந்தையக் கூட இப்படிப் புடிச்சிக்கிட்டு யாரும் வர மாட்டாங்க" என்றார்.

மொட்டை மாடி ரூமுக்கு வெளியே கைப்பிடிச் சுவரில் வைத்தேன். மறுநாள் ஹவுஸ் ஓனர் அம்மா துணி காயப்போட வந்தார்கள்.

"என்ன தம்பி இது, கிள்ளினா பால் வருது? பால் வர்ற செடி வீட்டுக்கு ஆகாது தம்பி."

"இது பாலைவன ரோஜாம்மா."

"பேரு ரோஜான்னா ஆச்சா? என் நாத்தனார் பேரு சாந்தி."

அதற்குமேல் வாதம் செய்ய முடியவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னதில் ஒரு பாதி சரி. இது அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி குடும்பம். பால் விஷம். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவுவதற்கு இதன் சாற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிள்ளினால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் வாய் வைக்காத இடத்தில் வைக்க வேண்டும். சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்காவும் அரேபியாவும். ஏடன் துறைமுகத்தின் பெயரில்தான் 'அடீனியம்' என்ற பெயரே. திருபாய் அம்பானி இளைஞராக இருந்தபோது வேலை பார்த்தாரே, அதே ஏடன். அங்கே போன அவர் எங்கேயோ போய்விட்டார். அங்கிருந்து வந்த செடி என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது.

ஏனென்றால், எனக்குத் தெரிந்த ஒரே பாசம் தண்ணீர்.

காலையில் ஒரு மக், ராத்திரி ஒரு மக். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, தட்டு நிறையத் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அது தேங்காய் நார்க்கழிவு போட்ட பிளாஸ்டிக் தொட்டி. குடித்த தண்ணீரை விடவே விடாது. அக்டோபரில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. 'ஐயோ பாவம், வெயில்!' என்று இன்னொரு மக் சேர்த்தேன். யாரோ யூரியா போடச் சொன்னார்கள். ஒரு பிடி போட்டேன். (தழைச்சத்து அதிகமானால் பூ குறைந்துவிடும், தண்டு கொழகொழவென்று இளகும் என்பதெல்லாம் பிறகு படித்தது.)

அந்த வருஷம் மழை இல்லை. தென்மேற்கும் சரியில்லை. வடகிழக்கு சுத்தமாகக் கைவிட்டது. ஊரில் எங்கள் இரண்டு ஏக்கருக்கு இருந்த போர், 900 அடியில் காற்றை மட்டும் ஊதியது. அப்பா போனில் சொன்னார். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது கூசவில்லை.

*

டிசம்பரில் அப்பா வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே வேட்டி, துண்டு, சாமை அரிசி, ஒரு பொட்டலத்தில் பதினோரு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு. நவம்பர் 8 ராத்திரியோடு செல்லாமல் போனவை. அம்மாவின் அரிசிப் பானையில் இருந்தவை.

"பேங்குல கட்டிட்டு வரேன்" என்று போனவர் சாயங்காலம்தான் வந்தார். அவ்வளவு கியூ.

"கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமாடா? அங்க என்ன இருக்குது வேலை? மாட்டை உங்கம்மா பாத்துக்குவா."

"இருங்கப்பா" என்றேன்.

அவர் கண் செடி மேல் போனது. போய் உட்கார்ந்து, கட்டை விரலால் அடித்தண்டை அழுத்தினார். விரல் உள்ளே போனது. முகர்ந்து பார்த்தார்.

"இது தாகத்துல வாடலடா. வயிறு உப்பிச் சாகுது. யாரு இவ்ளோ தண்ணி ஊத்தினது?"

"நான்தாம்ப்பா."

"என்னாத்துக்கு?"

"பாசத்துல..."

அப்பா பக்கத்தில் இருந்த மக்கைப் பார்த்தார். தட்டில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அது ரொம்ப மோசமாக இருந்தது.

"நம்ம கரட்டு மேல கள்ளிமுளையான் இருக்குமே, அது மாதிரிதான் இதுவும். நான் ஆடு மேய்க்கறப்போ அதைத்தான் பசிக்குக் கடிச்சிக்கிட்டுக் கெடப்போம். பாறை இடுக்குல வளரும். மழை பேஞ்சா உண்டு, இல்லாட்டி இல்ல. அதைக் கொண்டாந்து வீட்டுல வெச்சு தண்ணி ஊத்தினாங்க எங்கம்மா. ஏழே நாள்ல அழுகிப் போச்சு."

ஆறாவது வரை படித்தவர் சொன்னதைச் சரிபார்க்க, இன்ஜினீயர் செல்போனில் தேடினேன். கள்ளிமுளையானும் அடீனியமும் தாவரவியல்படி ஒரே பெரிய குடும்பம்தான். தூரத்துப் பங்காளிகள்!

அன்று ராத்திரி ஆபரேஷன். தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறினார். வேர் பழுப்பேறி நாறியது. என் புது ஷேவிங் பிளேடை வாங்கி, முள்ளங்கி நறுக்குகிற மாதிரி அடியிலிருந்து வில்லை வில்லையாக அறுத்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைத்தார். பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் விடவில்லை. "கொஞ்சம் வெச்சா எல்லாம் போயிடும்." கடைசியில் சதை சுத்தமாகத் தெரிந்தபோது, யானைக் காலில் பாதிதான் மிச்சம். வெட்டுவாயில் மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் பூசச் சொன்னார். நான் உரக்கடையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு வாங்கி வந்தேன். "அதுவும் பூசு. ரெண்டு வைத்தியமும் பாக்கட்டும்" என்றார்.

பிறகு காயம் ஆறுவதற்காக, காலண்டர் ஆணியில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டோம். பத்து நாள் தண்ணீர் கிடையாது, மண் கிடையாது. ரூம்மேட் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவன், "ரூமுக்குள்ள வௌவாலு!" என்று கத்தி, கீழ் வீட்டு விளக்கெல்லாம் எரிய வைத்தான்.

*

பத்து நாள் கழித்து அப்பா மண் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். அடி ஓட்டை மேல் ஒரு ஓட்டுச் சில்லு. ஊரிலிருந்து வந்த செம்மண் ஒரு பங்கு, பொடி ஜல்லியும் பெருமணலும் இரண்டு பங்கு, மக்கின எரு ஒரு கை.

"ஜல்லி ஏதுப்பா?"

"ஒரு எடத்துல கட்டடம் கட்றாங்க. கேட்டு வாங்கியாந்தேன்."

அப்பா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, "காத்தாட நடந்துட்டு வரேன்" என்று கிளம்புவார். நான் தூங்கின பிறகுதான் வருவார். சில நாள் விடிந்து வருவார். கேட்டால் கோயில் மண்டபத்தில் பஜனை, அங்கேயே படுத்துவிட்டேன் என்பார். சரி, ஊர்க்காரருக்கு டவுனில் பொழுது போகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

தண்ணீர் விடுவதற்கு அவர் ஒரு பரீட்சை வைத்தார். தென்னங்குச்சி ஒன்றை மண்ணில் ஆழமாகச் செருகி எடுக்க வேண்டும். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கிடையாது. சுத்தமாக வந்தால் உண்டு. ஊற்றினால் அடியில் வழிகிற வரை ஊற்ற வேண்டும். தட்டு வைக்கக்கூடாது. நான் தினமும் குச்சியும் கையுமாக நிற்பேன். "இன்னும் ரெண்டு நாள் ஆகட்டும்" என்பார் அப்பா. இது அவருடைய வாழ்நாள் வசனம்.

ஜனவரிக் குளிரில் இருந்த இலையும் கொட்டிவிட்டது. மொட்டைக் குச்சி.

"செத்துப் போச்சுப்பா!"

அப்பா நகத்தால் தண்டை லேசாகக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. "தூங்குது. எழுப்பாத."

அந்த மாதம்தான் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசாங்கம் அறிவித்தது. பேப்பரில் படித்துக் காட்டினேன். "அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சா" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறியதும் செடி விழித்துக்கொண்டது. மேலே ஒட்டின கிளைகளில் பச்சையும் வெள்ளையுமாகத் தளிர். அதில் ஒரு தளிர் மட்டும் முழு வெள்ளை. பச்சை பொட்டுக்கூட இல்லை. தும்பைப் பூ மாதிரி, அவ்வளவு அழகு! அதே சமயம் ஒட்டுக்குக் கீழே, அடித்தண்டிலிருந்து ஒரு சாதாரணப் பச்சைக் கிளை. மற்றதெல்லாம் ஒரு விரல் வளர்ந்தால் இது ஒரு சாண் வளர்ந்தது.

லால்பாக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஒட்டுக்குக் கீழ வர்ற பச்சையைக் கிள்ளிப் போடுங்க சார். விட்டா அது மேல இருக்கற வேரிகேட்டட்டை அமுக்கிடும்" என்றார். பிளேடும் கையுமாகப் போனேன். அப்பா தடுத்தார்.

"ஒட்டுக்குக் கீழ வர்றதைக் கிள்ளணும்னு எனக்குத் தெரியாதாடா? மாங்கன்னு வெக்காதவனா நானு? ஆனா இப்பக் கூடாது."

"ஏன்?"

"இலைக்கு என்னா வேலை? நீ படிச்சிருப்பியே."

கிடைத்தது சான்ஸ் என்று எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தை ஒப்பித்தேன். இலையில் பச்சையம் இருக்கிறது. அது வெயிலைப் பிடித்து, காற்றையும் தண்ணீரையும் வைத்துச் செடிக்குச் சோறு ஆக்குகிறது. வெள்ளையாக இருக்கிற பாகத்தில் பச்சையம் இல்லை. ஆகவே அது சோறு ஆக்காது. விதையிலிருந்து முழு வெள்ளையாக ஒரு கன்று முளைத்தால், விதையில் இருக்கிற கையிருப்பு தீர்ந்ததும் செத்துப்போகும். கிளையாக இருந்தால் மற்ற இலைகள் ஆக்குகிறதை வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். வெயிலும் தாங்காது. சீக்கிரம் கருகிவிடும்.

அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, இந்த வெள்ளைக்கு யாரு சோறு போடறா?"

"பச்சைதாம்ப்பா."

"ம்" என்றார். "வேரு பாதி போச்சு. மேல இருக்கறது பாதி வெள்ளை. இப்போதைக்கு இது ஒண்ணுதான் சம்பாதிக்குது. சம்பாதிக்கறவனை வெட்டிட்டா மத்தவன் என்னா பண்ணுவான்? தெம்பு வரட்டும். அப்புறம் வெட்டு."

"அப்ப அந்த முழு வெள்ளையைக் கிள்ளிடவா? அது சும்மாதானே இருக்குது?"

அப்பா அந்தத் தளிரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கட்டும் விடு. ஆசையா வாங்கியாந்த."

அதற்குப் பிறகு, நான் ஆபீஸ் போனதும் பதினொரு மணிக்கு அவர் தொட்டியை மேற்குச் சுவர் நிழலுக்கு நகர்த்துவாராம். காலை வெயில் வேண்டும், மத்தியான வெயில் அந்த வெள்ளைக்கு ஆகாது. ஹவுஸ் ஓனர் அம்மாதான் சொன்னார்கள். "உங்கப்பா பகல்ல தூங்கறதே அந்தச் செடிக்கு நடுநடுவுலதான் தம்பி. பாவம், ராத்திரி முச்சூடும் முழிக்கிறாரில்ல?"

"ராத்திரி எதுக்கும்மா முழிக்கிறாரு?"

அந்த அம்மா சட்டென்று கொடியில் இருந்த துணியை எண்ண ஆரம்பித்தார்கள்.

*

அன்று ராத்திரி பத்து மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோயில் மண்டபத்தில் பஜனையும் இல்லை, அப்பாவும் இல்லை. நேதாஜி பைபாஸ் ரோட்டுப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் பொடி ஜல்லி குவியல். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

உள்ளே சிமென்ட் மூட்டைகளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அப்பா. தொளதொளவென்று ஒரு காக்கிச் சட்டை. கையில் டார்ச்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மகனைப் பார்த்து அப்பா எழுந்து நிற்கக்கூடாது. ஆனால் நின்றார்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு மாசம் ஆறாயிரம் குடுக்கறாங்கடா. எனக்கு சும்மா உக்காந்து பழக்கமில்ல. அதான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குது" என்று சிரித்தார். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பழுப்புப் பல்.

"எதுக்குப்பா இதெல்லாம்? நான் சம்பாதிக்கலியா?"

பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். பேங்க் ரசீதுகள். முதல் ரசீது டிசம்பரில். 5,500 ரூபாய். பதினோரு நோட்டு.

மேலே சொல்லாமல் விட்டேனே ஒரு தவணை, இதுதான் அது. என் கல்விக் கடன். நாலு லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள். ஆனால் அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். 2007-ல் காலேஜில் சேர்ந்தபோது எங்கப்பா போட்டார். வேலை கிடைத்ததும் ஒழுங்காகத்தான் கட்டினேன். பைக் வாங்கின பிறகு, 'எல்லாரும் கட்டாமத்தான் இருக்காங்க, எப்படியும் தள்ளுபடி பண்ணிடுவாங்க' என்று ஆபீஸில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். நோட்டீஸ் எதுவும் எனக்கு வரவில்லை. எப்படி வரும்? விலாசம் ஊர் விலாசம். ஆறு நோட்டீஸ். ஆறையும் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லலை?"

"நீ மறந்திருப்பன்னு நெனைச்சேன். வேலை டென்சன்ல."

நான் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ரோட்டில் ஒரு லாரி போகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு அப்பாதான், "செடியை நேரத்துக்கு உள்ள தள்ளி வெச்சியா?" என்று கேட்டார்.

மொட்டை மாடிக்குத் திரும்பியபோது நிலா வெளிச்சம். அந்த முழு வெள்ளைத் தளிர் பளபளவென்று நின்றது. எனக்கு அது அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

*

மறுநாள் அப்பாவை நிற்கச் சொன்னேன். "மாசம் முடியட்டும். நம்பி வெச்சிருக்காங்க" என்றார். அந்த மாதம் முடிகிற வரை, ஆபீஸ் விட்டதும் நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்வேன். பன்னிரண்டு மணிக்கு அவர் வருவார். ஆபீஸில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முதல் இரண்டு நாள் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் மானேஜரே அந்த வழியாகப் போனார். "என்னப்பா, வீடு கட்றியா?" என்றார். "ஆமா சார், மூணு மாடி" என்றேன்!

பைக்குக்குப் பதில் பஸ்ஸில் போய், பெட்ரோல் காசைக் கடனுக்குத் திருப்பினேன். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த நேரத்தில்தான், 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. கடை வீதியே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் கும்பிட்டேன். கணக்கு எழுதத் தெரிந்தவன் ஆயிற்றே! இரண்டு மளிகைக் கடை, ஒரு டைல்ஸ் கடை, ஒரு பாத்திரக் கடை. சாயங்காலம் ஏழு மணிக்கு நானும் 'காத்தாட' கிளம்பினேன். கடன் 2021 மார்ச்சில் தீர்ந்தது.

அதற்கு முன்பே, 2017 பங்குனியில் செடி பூத்துவிட்டது. நாலு பூ. அப்பா காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்த வாரம்.

முழு வெள்ளைத் தளிர் என்ன ஆனது என்கிறீர்களா? அப்பா ஊருக்குப் போன ஏப்ரலில் ஒரு நாள் தொட்டியை நகர்த்த மறந்துவிட்டேன். ஒரே மத்தியானத்தில் ஓரமெல்லாம் காகிதம் மாதிரி கருகிவிட்டது. நானே கிள்ளினேன். அடியிலிருந்து பச்சையும் வெள்ளையுமாகப் புது இலை வந்தது. அந்த அளவுக்குச் சம்பாதித்துக்கொண்டு அழகாக இருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் நல்ல மழை. அப்பா கொள்ளு விதைத்தார். செடியை மழையில் நனையாமல் ரூமுக்குள் எடுத்து வைக்கச் சொல்லித் தினமும் போன். விதைத்த நிலத்தைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அடுத்த வருஷம் ஒரு நாள் போனில், "இப்பத் தெம்பாயிருக்கும். அந்தப் பச்சைக் கிளையை வெட்டிடு" என்றார். வெட்டினேன். ஆனால் வீசவில்லை. வெட்டுவாய் ஒரு வாரம் காய்ந்த பிறகு, ஜல்லியும் மணலும் போட்ட இன்னொரு தொட்டியில் நட்டேன். வேர் பிடித்தது. இப்போது ஊரில் எங்கள் வீட்டு வாசலில், ஆடு எட்டாத திண்ணை மேல் இருக்கிறது. இலையில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. 650 ரூபாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேரிகேட்டட்டை விட இரண்டு மடங்கு பூக்கிறது.

ஹவுஸ் ஓனர் அம்மா போன மாதம் என்னிடம், "தம்பி, எனக்கும் ஒரு கிளை குடேன்" என்றார்கள்.

"பால் வர்ற செடி வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்னீங்களேம்மா?"

"அது பூக்கறதுக்கு முன்னாடி சொன்னது."

போன வாரம் அப்பா வந்திருந்தார். வந்ததும் வராததுமாக மஞ்சப்பையைக் கீழே வைத்துவிட்டு, தென்னங்குச்சியை எடுத்தார். நான் மக்கோடு தயாராக நின்றேன். குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் ஆகட்டும்" என்றார்.